காட்சியும் வீதியும்: கரையோரத்திலிருந்து மலைநாட்டுக்கு ஒரு பயணத்திட்டத்தின் சமூக வரலாறு

அண்மையில் மாணவர் சிலர் தமது விடுமுறைச் சுற்றுலாவுக்கென வகுத்த பயணத்திட்டமொன்றை என்னிடந் தந்து, பார்த்துக் கருத்துக் கூறுமாறு கேட்டனர். ஐந்து நாட் பயணம். கொழும்பிலிருந்து காலி வீதி வழியே களுத்துறை, பெந்தோட்டை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை. அங்கிருந்து கடலை விட்டு வடக்கே திரும்பி வெல்லவாய. பின்னர் கொஸ்லந்தை, பெரகலை வழியாக ஹப்புத்தளைக்கு ஏற்றம். பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா. றம்பொடையால் இறங்கிக் கம்பளை, பேராதனை. ஈற்றிலே கடுகண்ணாவைக் கணவாய் வழியாக மீண்டும் கொழும்பு. அவசரமின்றிச் செல்வது, மனம் விரும்பிய இடத்தில் நிற்பது என்பதே நோக்கம் எனத் திட்டத்தின் தலைப்பிலே எழுதியிருந்தனர். ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் எதிரே ‘காட்சி’ என்ற சொல்லும் நிமிடக் கணக்கும் காணப்பட்டன. தியலும நீர்வீழ்ச்சிக்கு 20 நிமிடம். ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள ‘லிப்டன் இருக்கை’க்கு ஒன்றரை மணி நேரம்.

இத்திட்டத்திலே குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. இலங்கையின் கரையையும் மலையையும் ஒருங்கே பார்க்க விரும்பும் எவரும் ஏறத்தாழ இவ்வாறே திட்டமிடுவர். ஏன் எல்லோரும் ஏறத்தாழ இவ்வாறே திட்டமிடுகின்றனர் என்பதுதான் வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினா. எங்கே நிற்பது, எங்கே உறங்குவது, எதனைப் பார்ப்பது என்பன நமது சொந்த இரசனையின்பாற்பட்ட தெரிவுகள் என எண்ணுகிறோம். ஆயின் அவற்றுட் பெரும்பாலானவை 1820க்கும் 1930க்கும் இடைப்பட்ட காலத்தில் நமக்காக முடிவு செய்யப்பட்டுவிட்டன. படைத்தேவை வீதியை வரைந்தது. கோப்பியும் தேயிலையும் அதனைக் கிளைவிடச் செய்தன. அந்நிலத்திலே கைவைத்து உழைக்க வேண்டிய தேவையற்ற ஒரு வர்க்கத்தினர் வீதியின் இருமருங்கையும் காட்சியாகக் கண்டு, தாம் நின்ற இடங்களுக்குப் பெயருமிட்டனர். நாம் நிற்பதும் அங்கேதான்.

கண்டி இராச்சியம் வீதிகளை விரும்பியதன்று. மலையும் காடும் அதற்குக் கோட்டையாக அமைந்தமையால், அகன்ற பாதை என்பது பகைவனுக்குத் திறந்துவிட்ட வாயிலாகவே கருதப்பட்டது. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலிலே ஒற்றையடிப் பாதைகளையும், அவற்றை மறித்து வைக்கப்பட்ட முட்கதவுகளையும், அங்கிருந்த காவலையும் விவரித்துள்ளார். 1803இல் கண்டிக்குட் புகுந்த பிரித்தானியப் படை அழிந்தமைக்கு நோய், மழை ஆகியவற்றோடு பாதையின்மையும் ஒரு காரணமாகும்.

பாதையின்மை என்பதைப் போக்குவரத்தின்மை எனக் கொள்ளலாகாது. கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின; மலையிலிருந்து பாக்கு முதலியன கரைக்கு இறங்கின. ‘தவளம்’ எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களே இவ்வணிகத்தை நடத்தின. முஸ்லிம் வணிகர் இதிற் சிறந்து விளங்கினர். அம்பாந்தோட்டையின் உப்பளங்களிலிருந்து ஊவாவுக்கு ஏறிய தவளப் பாதையும், மாணவர்களின் திட்டத்திலே மூன்றாம் நாளுக்குரிய வழியும் ஒரே திசையின. பொதிமாடுகளைக் கட்டியாண்ட ‘மடிகே’ என்னும் பகுதிக்கு கண்டி அரசில் தனி நிருவாகமே இருந்தது. 1817இல் வெல்லச மடிகேக்கு ஹஜ்ஜி மரிக்கார் என்பவரைப் பிரித்தானியர் முகாந்திரமாக நியமித்தமை, 1817-18 கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். உப்புப் பொதி ஏற்றிய மாட்டை எவர் நடத்துவது என்பது இந்நாட்டிலே அரசியற் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

அக்கிளர்ச்சியை அடக்கிய அனுபவமே வீதியைத் தோற்றுவித்தது. 1820இல் பதில் தேசாதிபதியாகவும் 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாகவும் விளங்கிய எட்வேட் பார்ன்ஸ், நெப்போலியனுக்கெதிரான போர்களிற் பங்குகொண்ட படைத்தலைவர். பீரங்கி வண்டி ஏறக்கூடிய வீதியொன்று கண்டிக்கு இருக்குமாயின் மீண்டுமொரு கிளர்ச்சி அரிது என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். கொழும்பு - கண்டி வீதி 1820இல் தொடங்கப்பட்டது. 1822இலே களனி கங்கைக்குக் குறுக்கே படகுப் பாலம் அமைக்கப்பட்டது. 1895இல் விக்டோறியாப் பாலம் திறக்கப்படும் வரை இவ்வீதி வழியே மலைநாட்டுக்குச் சென்ற அனைத்தும் அப்படகுகளின்மேலேயே சென்றன. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தாலான ஒற்றைவளைவுப் பாலம் எழுந்தது. 1832இற் கொழும்புக்கும் கண்டிக்குமிடையே தபாற் குதிரைவண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலே இத்தகைய முதற் சேவை அதுவே என்பர்.

கடுகண்ணாவையில், கணவாயின் உச்சியிலே ஓர் உயர்ந்த வெண்கோபுரம் நிற்கிறது. இவ்வீதியை அமைத்த பொறியியற் படைப்பிரிவைச் சேர்ந்த கப்டன் டோசன் 1829இல் இறந்தபோது, அவரது நண்பரும் உடனுழைத்தோரும் பணந் திரட்டி எழுப்பிய நினைவுத்தூண் அது, 1832இல் நிறைவுற்றது. டோசனின் அறிவும் திறமையுமே வீதியைத் திட்டமிட்டு முடித்தன என்பது கல்வெட்டின் பொருள். திட்டமிட்டமை குறித்து நமக்கு ஐயமில்லை. முடித்தவர்கள் யார் என்பதிலேயே கல்வெட்டு மௌனஞ் சாதிக்கிறது.

முடித்தவர்கள் இராசகாரியத்துக்கு அழைக்கப்பட்ட சிங்களக் கிராமத்தவர். கண்டிய நிலமானிய முறையிலே நிலத்தை அனுபவிப்பவன் அதற்கீடாக அரசனுக்குச் சேவை செய்ய வேண்டும். அச்சேவை சாதிக்கும் நிலத்துக்கும் வழக்காற்றுக்கும் கட்டுப்பட்டது. பிரித்தானியர் அக்கட்டுப்பாடுகளைத் தளர்த்திக் கடமையை மட்டும் எடுத்துக்கொண்டனர். தன் ஊர்க் குளத்தையும் வாய்க்காலையும் பேண வேண்டியவன், ஊருக்கு அப்பால் அன்னியனின் படைவீதிக்குக் கல்லுடைத்தான். தோமஸ் ஸ்கின்னரின் வரலாறு இங்கு குறிப்பிடத்தக்கது. இருபது வயது நிரம்பாத நிலையில், வீதியமைப்பிற் சிறிதும் அனுபவமின்றி, ஏறத்தாழ 200 கிராமத்தவரைக் கொண்டு வீதியின் ஒரு பகுதியை வெட்டும்படி பணிக்கப்பட்ட இவர், பிற்காலத்தில் நாட்டின் வீதிவலையமைப்பின் தலைமைச் சிற்பியானார். இவரது தன்வரலாறு இறந்தபின் 1891இல் வெளியாயிற்று. காலனித்துவ அதிகாரிகளுள் ஸ்கின்னர் ஓரளவு மனிதாபிமானமுடையவர். கிராமத்தவரின் வறுமையை அவர் கண்டறிந்திருந்தார். எனினும் அவருடைய நூலிலே 200 பேர் 200 பேராகவே வருகின்றனர். ஒருவருக்கும் பெயரில்லை.

மலையைத் துளைத்து வழி வரும்போது கண்டி அரசு அழியும் என்ற ஐதிகம் மக்களிடையே வழங்கியது. கடுகண்ணாவையிலே பாறையைக் குடைந்து வீதி செல்லும் இடத்தைப் பயணிகள் இன்றும் நின்று பார்க்கின்றனர். ஐதிகத்தை மூடநம்பிக்கையென ஒதுக்குவது எளிது. வீதிக்கும் ஆட்சிக்கும் உள்ள தொடர்பை அக்கிராமத்தவர் அறிந்திருந்தனர் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை என்பது என் கருத்து.

1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோல்புறூக், கமரன் ஆகியோரின் விதப்புரைகளின் பின்னணியிலே தாராளவாதப் பொருளியல் நின்றது: கட்டாய உழைப்பு அகன்றால் கூலியுழைப்புச் சந்தை உருவாகும் என்பது அதன் எதிர்பார்ப்பு. பார்ன்ஸ் தேசாதிபதியாகவே கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டவர். கம்பளைக்கு அண்மையிலே ஜோர்ஜ் பேர்ட் 1820களிலே தொடங்கிய தோட்டம் முன்னோடியாகக் கருதப்படுகிறது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் உறுதியில்லாவிடின் முடிக்குரியதெனக் கொண்டது. அவ்வாறு ‘முடிக்குரிய’ நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அளவில் விற்கப்பட்டபோது, வாங்கியோருட் காலனித்துவ அதிகாரிகள் பலர் இருந்தனர். நிலத்தை இழந்த கிராமத்தவன் கூலிக்கு வருவான் என்ற கணக்கு மட்டும் பொய்த்தது. வயலைக் கைவிட்டு, குறைந்த கூலிக்குத் தோட்டத்தில் அடைபட்டுக் கிடக்க அவன் உடன்படவில்லை. இம்மறுப்பைச் சோம்பல் என்று துரைமார் எழுதினர். பின்வந்த வரலாற்றாசிரியருட் சிலரும் அதையே திருப்பி எழுதினர்.

கட்டாய வீதியுழைப்பு முற்றாக மறைந்ததா என்றால், இல்லை. 1848இன் வீதிச் சட்டம் 18 முதல் 55 வயது வரையான ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையிலே எழுந்த கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணம். கோப்பித் தோட்டத்துக்குச் செல்லும் வீதியை, கோப்பியால் நிலமிழந்தவன் இலவசமாகச் செப்பனிட வேண்டியிருந்தது.

வீதி ஒரு புதிய வர்க்கத்தையும் ஈன்றது. கோப்பி இறங்கவும் தோட்டங்களுக்கு அரிசி ஏறவும் ஆயிரக்கணக்கான மாட்டுக்கரத்தைகள் ஓடின. கரத்தைக்காரர் இளைப்பாறிய இடங்களிலெல்லாம் சாராயத் தவறணைகள் முளைத்தன. பாலங்களிலும் துறைகளிலும் ஆயவரி அறவிடப்பட்டது. ஆயத்தையும் சாராயத்தையும் குத்தகைக்கெடுத்த கரையோரக் குடும்பங்கள் சில, அதிலிருந்து திரட்டிய மூலதனத்தைத் தோட்டங்களிலும் கொழும்பின் காணிகளிலும் இட்டன. மொறட்டுவை ஜெரோனிஸ் சொய்சா 1830களின் பிற்பகுதியில் ஹங்குராங்கெத்தையிலே தோட்டம் வாங்கியமை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இலங்கையின் உள்நாட்டு முதலாளி வர்க்கம் ஆலையிற் பிறந்ததன்று, வீதியோரத்திற் பிறந்தது என்று ஓரளவு மிகைப்படுத்திக் கூறலாம். 1867இற் புகையிரதம் கண்டியை எட்டியபோது அவ்வீதியிலே பிழைத்த கரத்தைக்காரர் பலர் தொழிலிழந்தனர். குத்தகைக்காரர் இழக்கவில்லை.

மாணவர்களின் திட்டத்தில் இல்லாத ஒரு வழியைப் பற்றி இனிக் கூற வேண்டும். கரையோரத்திலிருந்து மலைக்குச் சென்றோருள் மிகப் பெருந்தொகையினர் காலியிலிருந்தும் செல்லவில்லை, கொழும்பிலிருந்தும் செல்லவில்லை. அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள். இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதியொடுக்குமுறையாலும் உந்தப்பட்டு, கங்காணியின் பின்னே தோணியேறி வந்து, காட்டினூடே தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். கோப்பி பருவப் பயிராதலால் அறுவடைக்கு வந்து மீண்டும் நடந்து திரும்புவோர் அக்காலத்திலே மிகுதி. எனவே இது ஒருவன் வாழ்விற் பலமுறை நடந்த வழி. வாந்திபேதி, அம்மை, மலைக்காய்ச்சல், பசி, நீரின்மை ஆகியவற்றால் வழியில் விழுந்தோர் எண்ணிறந்தோர். நோயுற்றவனைச் சுமந்து செல்லக் கூட்டத்துக்கு வலுவிருக்கவில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே புகையிரதத்தோடிணைந்த கப்பற்சேவை தொடங்கிய பின்னர் இந்நடை பழங்கதையாயிற்று.

அக்காலப் பயணத்தின் வர்க்க வேறுபாட்டைக் காண விரும்புவோர் தங்குமிடங்களை நோக்க வேண்டும். நமது கிராமிய மரபிலே அம்பலம், மடம், சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல் என்பன இருந்தன. சுவரில்லாத கூடமும் கூரையும் எவருக்கும் திறந்திருந்தன. (சாதி அங்கும் புகுந்ததை மறப்பதற்கில்லை.) காலனித்துவ அரசு வீதியோரங்களிலே, குதிரை களைக்கும் தூரத்துக்கு ஒன்றாக, வாடிவீடுகளை நிறுவியது. கட்டில், நுளம்புவலை, கோழிக்கறி, கட்டண அட்டவணை என்பன அங்கே இருந்தன. கரையோர வாடிவீடுகள் சில ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்களிலே அமைந்தவை. கங்காணியின் கூட்டத்துக்கு வாடிவீடும் இல்லை; அம்பலத்திலும் நோய்க்கு அஞ்சிய ஊரார் அவர்களை ஏற்கத் தயங்கினர். கடுகண்ணாவை ஏற்றத்திலே பழைய அம்பலமொன்று இன்றும் நிற்கிறது. டோசன் கோபுரத்துக்கு நிறுத்தும் வாகனங்கள் அதற்கும் நிறுத்தலாம்.

கரையோர வீதியின் ‘அழகு’ எவ்வாறு பிறந்தது என்பதையும் இவ்விடத்து நோக்கலாம். கொழும்புத் துறைமுகத்தின் முதல் அலைதடுப்பணை 1885இல் நிறைவுறும் வரை நீராவிக் கப்பற் பயணிகள் பெரும்பாலும் காலியிலேயே இறங்கினர். அங்கிருந்து 72 மைல் குதிரைவண்டியிற் கொழும்புக்கு வந்தனர். வாரக்கணக்காகக் கடலையே கண்டு சலித்தவனுக்கு முதன்முதலிற் கிடைத்த நிலக்காட்சி இத்தென்னஞ்சோலைகளே. ஐரோப்பியப் பயணநூல்கள் காலி வீதியைச் சொர்க்கத்தோடு ஒப்பிடுவதன் இரகசியம் இதுதான். தென்னையின் கீழே கயிறு திரித்தவளையும் வலை இழுத்தவனையும் அவை வண்ணப்பொட்டுகளாகவே கண்டன. 1881-82இல் வந்த ஜேர்மனிய உயிரியலறிஞர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கல் வெலிகமை வாடிவீட்டிற் பல வாரங்கள் தங்கிக் கடலுயிர்களைச் சேகரித்தார். வாடிவீட்டுப் பொறுப்பாளரை ‘சோக்கிரதர்’ என்றும் தமக்கு ஏவல் செய்த சிறுவனைக் ‘கனிமீட்’ என்றும் கிரேக்கப் பெயர்களால் அழைத்தார். அறிவியலறிஞர், அன்புடையவர், இருந்தும் அம்மனிதரின் பெயர்களைக் காட்டிலும் தமது பள்ளிக்கூடக் கிரேக்கமே அவருக்கு அழகாகத் தோன்றிற்று. சிப்பிக்கும் சொறிமீனுக்கும் இலத்தீன் பெயர் சூட்டும் பழக்கம் மனிதர்வரை நீண்டது எனலாம்.

மலையின் காட்சியும் அவ்வாறே செய்யப்பட்டது. நுவரெலியாச் சமவெளியைப் பற்றி 1819 அளவில் பிரித்தானியர் அறிந்தனர். பார்ன்ஸ் அங்கே 1828இல் தமக்கொரு மாளிகை கட்டி, படையினரின் உடல் தேறும் இடமாக அதனை வளர்த்தார். 1848இலிருந்து சாமுவேல் பேக்கர் ஆங்கிலக் கிராமமொன்றையே அங்கு பெயர்த்து நட முயன்றார். 1868 மீற்றர் உயரத்திலே குளிரும் மூடுபனியும் அவருக்குத் தாயகத்தை நினைவூட்டின. நாம் இன்று ‘நுவரெலியாவின் இயற்கையழகு’ என்று பாராட்டுவதிற் கணிசமான பகுதி இவ்வேக்கத்தின் கைவேலை. அதைச் சூழ்ந்த பசுமையும் இயற்கையன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரையிற் பரப்பிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் கொய்ய வேண்டிய பயிராதலால் குடும்பங்கள் நிரந்தரமாக லயங்களிலே குடியேற்றப்பட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. மலைச்சரிவிற் கம்பளம் விரித்தாற்போலத் தெரிவது, ஒரே மட்டத்திற் கவாத்து வெட்டப்பட்ட செடிகளின் மேற்பரப்பு. அம்மட்டத்தைப் பேணுவது பெண்களின் விரல்.

‘லிப்டன் இருக்கை’ என்ற பெயரை இப்பின்னணியிலேயே வாசிக்க வேண்டும். தோமஸ் லிப்டன் 1890இல் இங்கு வந்து தம்பத்தனை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தமது உடைமைகளை நோக்கினார் எனப்படும் மலைமுனை அவரது பெயரைப் பெற்றது. உடைமையாளனின் கணக்கெடுப்புப் பார்வையே சுற்றுலாப் பயணியின் அழகுப் பார்வையாக மாறிய வரலாற்றை இவ்விரு சொற்களும் நன்கு சுருக்கித் தருகின்றன. அவ்விருக்கைக்குக் கீழே நாள் முழுவதும் நிற்பவர்கள் உளர்.

தமிழிலக்கிய மாணவர்க்கு இவ்விடத்து வேறொரு நினைவு எழும். கரையும் மலையும் நமக்கு நெய்தலும் குறிஞ்சியுமாகும். சங்கப் பாடல்களில் அவை தொழிலோடும் உறவோடும் பிணைந்தே வருகின்றன. உப்புவண்டியோடு செல்லும் உமணரும் தினைப்புனங் காப்போரும் இன்றி அந்நிலங்கள் இல்லை. பயணத்திட்டமும் நமக்குப் புதியதன்று: ஆற்றுப்படை என்பது வழிகாட்டும் இலக்கியமே. சிறுபாணாற்றுப்படை நெய்தல் நிலத்து எயிற்பட்டினம் வழியாகச் செல்லும் பாதையைச் சொல்கிறது. மலைபடுகடாம் மலைவழியின் இடர்களையெல்லாம் விரிக்கிறது: பன்றிக்கு வைத்த பொறி, புனங்காவலர் எறியும் கவண்கல், வழுக்கும் பாறை. எங்கே எவர் என்ன உணவு தருவர் என்பதும் அங்கே உண்டு. வழி கேட்பவன் பசித்த கலைஞன். வழி சொல்பவன் நேற்றுவரை பசித்திருந்தவன். வள்ளலைப் புகழ்வதே இவ்விலக்கியத்தின் நோக்கம் என்பது உண்மை, அதன் வர்க்கச் சார்பை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவ்வழியிலே வாழ்வோரைக் காணாமல் வழியைச் சொல்ல அதற்குத் தெரியாது. பிற்காலத் தமிழ்ப் பயண எழுத்து, வழியிற் கண்ட மனிதரைவிட வாடிவீட்டுத் தேநீரைச் சிறப்பாக வருணிக்கக் கற்றுக்கொண்டது ஆங்கில வழிகாட்டி நூல்களிடமிருந்துதான் என்று கருதுகிறேன்.

மோட்டார் வண்டி 1902இல் இலங்கைக்கு வந்தது. அது புதிய பாதை எதனையும் கண்டுபிடிக்கவில்லை. கரத்தை சென்ற வழியில் விரைந்து சென்றது. 1958இற் பேருந்துகள் நாட்டுடைமையானபோது மலைநாட்டின் ஒதுங்கிய ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்திற் செல்லலாம் என்ற நிலை தோன்றியது. உல்லாசப் பயணத்தைச் சாதாரண ஆசிரியரும் எழுதுவினைஞரும் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது அதன் பின்னரே. 1966இல் அமைக்கப்பட்ட உல்லாசப் பயணச் சபை காட்சிகளை அன்னியச் செலாவணியாகக் கணக்கிட்டது. 2011இல் தென்பகுதி அதிவேகப் பாதை காலி வரை திறக்கப்பட்டதும் பழைய காலி வீதி ‘மெதுவாகச் செல்லும் அழகிய வழி’ என்ற புதிய தகுதியைப் பெற்றது. அவ்வழியிற் செல்வோர் பெரலியவில் நிற்பர். 2004 திசெம்பர் 26இற் கடற்கோள் புகையிரதமொன்றைப் புரட்டி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்ற இடம் அது.

அதே காலத்தில் வேறொரு பயணமும் நிகழ்ந்தது. அது மலையிலிருந்து கரைக்குச் சென்றது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு எனக் கணக்கெழுதப்பட்டோர், ஹற்றனிலும் பண்டாரவளையிலும் பிற நிலையங்களிலும் உறவினரின் அழுகையினிடையே புகையிரதமேறித் தலைமன்னாருக்குச் சென்றனர். பாட்டனார் நடந்து வந்த வழிக்கு அண்மையிலேயே பேரன் தண்டவாளத்தில் திரும்பினான். 1984இற் கப்பற்சேவை நின்றது.

இனி மாணவர்களின் மூன்றாம் நாளுக்கு வருவோம். வெல்லவாயவிலிருந்து பெரகலை வரையான ஏற்றம் இந்நாட்டின் மிக அழகிய வீதிகளுள் ஒன்று என்பதில் எனக்கு மறுப்பில்லை. வறண்ட சமவெளி பின்னே தாழ்ந்து செல்ல, வளைவுக்கு வளைவு காற்றுக் குளிர்கிறது. 220 மீற்றர் உயரத் தியலும அவ்வழியில்தான் உள்ளது. அதற்கு அப்பால், கொஸ்லந்தையை அடுத்த மலைச்சரிவில் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அபாயம் பற்றிய எச்சரிக்கை அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. செல்ல வேறு நிலமில்லாதவர்க்கு எச்சரிக்கை என்பது ஒரு கடிதம் மட்டுமே. உயிர் பிழைத்த குடும்பங்கள் நெடுங்காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே தங்கின. அச்சரிவையும் அதற்கெதிரே விரியும் தென்சமவெளிக் காட்சியையும் ஒரே வளைவிலிருந்து காணலாம்.

குழுவிலிருந்த மாணவியொருவர் கொஸ்லந்தைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். திட்டம் பற்றிய உரையாடலில் அதுவரை அவர் அதிகம் பேசவில்லை. தியலுமவுக்கு 20 நிமிடம் எனக் குறித்திருந்த இடத்தைச் சுட்டி, இது எனக்கு வீட்டுக்குப் போகிற வழி சேர், என்றார். அவ்வழியிற் செல்லும் பேருந்துகளில் எவற்றில் இடம் கிடைக்கும், மழைக்காலத்தில் எந்த வளைவிற் கல் விழும் என்பன அவருக்குத் தெரிந்திருந்தன. வழிகாட்டி நூல் எதிலும் அவை இல்லை. எல்லோரும் தமது வீட்டில் ஒரு தேநீர் குடித்துச் செல்லலாம் எனத் தயக்கத்துடன் கூறினார். தாயார் மாலைக் கொழுந்தை நிறுத்து வீடு வர ஐந்து மணியாகும். அதற்கு முன் சென்றாற் கதவு பூட்டியிருக்கும்.

ஐந்து மணிக்கு அங்கிருந்தால் பெரகலையை இருளிலேயே கடக்க வேண்டும். ஹப்புத்தளைக்கான மாலைக் காட்சி நேரம் இல்லாமற்போகும். மாணவர் இருவர் இதனை ஆட்சேபித்தனர். மூன்றாம் நாளின் பயனே அதுதான் என்றனர். நெடுநேர விவாதத்தின் பின் அம்பாந்தோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாக எழுதியிருந்ததை ஒன்பது மணியாகத் திருத்தி, கொஸ்லந்தைக்கு எதிரே ‘மாலை 5.00 முதல் 7.00 வரை’ என்று எழுதினர். ‘காட்சி’ என்ற நிரலை அவ்வரியில் வெறுமையாக விட்டிருந்தனர்.